காங்கேசன்துறையில் நின்ற கப்பல்

1950இல் வேலை தேடிக் கிளம்பும் ஓர் இளைஞனுக்கு ஸ்ரீபெரும்புதூரைவிடக் காங்கேசன்துறைதான் வாய்ப்புள்ள ஊர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருந்த அந்தச் சின்னத் துறைமுக ஊரில், இலங்கையின் முதல் சீமெந்துத் தொழிற்சாலை அந்த ஆண்டில்தான் ஓடத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை அங்கே வந்துதான் முடிந்தது. பக்கத்தில் பலாலியில் விமான ஓடுபாதை. ஸ்ரீபெரும்புதூரில் அப்போது என்ன இருந்தது? ராமானுஜர் பிறந்த ஊர் என்ற பெருமை, ஆதிகேசவப் பெருமாள் கோயில், பெரிய ஏரி, ஏரித் தண்ணீரை நம்பிய நெல், மேட்டு நிலத்தில் வேர்க்கடலை. ஒரகடம் என்று சொன்னால் அக்கம்பக்கத்துக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்று இரண்டு ஊர்களும் இடம் மாறி நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரை கார், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, கைபேசி என்று எல்லாம் உருவாகின்றன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் இரு சக்கர வண்டிக்கே இடம் கிடைக்காது. காங்கேசன்துறையிலோ ஆலை மூடி 30 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தக் கரையில்தான் 2023 ஜூன் 16 அன்று ஒரு சொகுசுக் கப்பல் வந்து நின்றது. கிளம்பிய இடம் சென்னைத் துறைமுகம். இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார்கள் வெளிநாடு போவதற்காகக் கப்பல் ஏறும் அதே துறைமுகம்.

கப்பல் வந்ததும் காங்கேசன்துறை திறந்துவிட்டது என்று பேசினார்கள். பாதி உண்மை. கப்பல் வருவது வேறு, துறை ஊருக்குத் திரும்புவது வேறு. அந்த மீதிப் பாதியைப் பார்க்க அன்றைய காங்கேசன்துறையிலிருந்து தொடங்க வேண்டும்.

ரயில் முடியும் ஊர்

யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் நிலம். தோண்டினால் கல், கல் இருந்தால் சீமெந்து. அந்தக் கணக்கில்தான் இலங்கை விடுதலை பெற்ற கையோடு ஆலையை அங்கே வைத்தார்கள். அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் என்று மூன்று ஆலைகளின் பெயரும் அவரோடு சேர்த்தே சொல்லப்படும். சுண்ணக்கல் வாசலிலேயே கிடைத்தது. களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. மூட்டைகள் தெற்கே போயின.

அந்த ரயில் பாதைக்கும் ஒரு கதை உண்டு. வடக்கு ரயில் பாதை என்றால் கொழும்புப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்திருக்கும் என்று நினைப்போம். குடாநாட்டுக்காரர்களுக்கு ரயில் முதலில் ஓடியது காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை, 1902இல். தெற்கோடு முழுப் பாதையும் இணைந்தது 1905இல். 1956இல் 'யாழ்தேவி' வந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார், விடுமுறைக்கு ஊர் வருவது இந்த ரயிலில்தான். யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே நீளும் பெருஞ்சாலைக்கு இன்றும் காங்கேசன்துறையின் சுருக்கமாகக் கே.கே.எஸ். வீதி என்றுதான் பெயர்.

ஆகாய வழியிலும் இந்த ஊர் ஒரு நிறுத்தம். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் பறந்தபோது, வழியில் இறங்கிய இடம் காங்கேசன்துறை, அதாவது இன்றைய பலாலி. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை சுமார் 400 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து கடல் வழியே 60 கடல் மைல், ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தலைநகரைவிட எதிர்க்கரை கிட்டே. சிதம்பரத்தில் யாழ்ப்பாணத்தார் மடம் கட்டியதும், ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே பள்ளிக்கூடம் நிறுவியதும் இந்தக் கிட்டத்தைச் சொல்லும் சான்றுகள்.

கடலோடிகளுக்கும் பஞ்சமில்லை. கிழக்கே சில மைலில் இருக்கும் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்மரக் கப்பல் 'அன்னபூரணி' 1930களில் ஓர் அமெரிக்கரின் கைக்கு மாறி, வேறு பெயரோடு 1938இல் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையைத் தொட்டது. இந்த வடகரையிலிருந்து கப்பல் புறப்பட்டு உலகம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. இப்போது உலகம் பார்க்கும் கப்பல் இங்கே அரை நாள் நின்று போகிறது.

இரண்டு ஊர்களின் திருப்பம்

1990 மார்ச்சில் இந்திய அமைதிப் படை இலங்கையை விட்டு வெளியேறியது. ஜூனில் இலங்கைப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மறுபடி மூண்டது. பலாலிப் படைத்தளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் அந்த மாதத்தில் காலியாயின. காங்கேசன்துறை, மயிலிட்டி, தையிட்டி, ஊறணி, மாவிட்டபுரத்தின் பகுதிகள், இப்படி ஊர் ஊராகச் சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்று வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் பலர். அந்தச் சில நாள் கால் நூற்றாண்டைத் தாண்டியது. பிள்ளைகள் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடித்தார்கள். விட்டுவந்த நிலத்துக்கு 'உயர் பாதுகாப்பு வலயம்' என்று பெயர் வந்தது. ரயில் நின்றது. ஆலை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்கு குழிகளுக்குப் போயின. சுண்ணக்கல் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது.

அடுத்த ஆண்டு, 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளின் மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அதுவரை கோயிலுக்காக மட்டும் அறியப்பட்ட ஊரின் பெயரை ஒரே இரவில் உலகமே உச்சரித்தது. 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழ அகதிகளை 'நம்ம ஆட்கள்' என்று அரவணைத்த தமிழ்நாட்டின் முகம் அதன் பிறகு இறுகியது. முகாம்களில் கெடுபிடி கூடியது. 1992இல் இந்தியா விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. அகதிகளைத் திருப்பி அனுப்பும் கப்பல்களும் அதே ஆண்டில் புறப்பட்டன. ராமேஸ்வரம்–தலைமன்னார்ப் பயணிகள் கப்பல் 1980களிலேயே நின்றுபோயிருந்தது. பாக்கு நீரிணையில் சாதாரணப் பயணி என்ற ஓர் இனமே இல்லாமல் போனது.

ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னொரு கதவு திறந்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. நோக்கியா 2014இல் மூடியபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீதிக்கு வந்தார்கள் என்பதும் இந்தக் கதையில் சேரும். ஆனாலும் மொத்தக் கணக்கு ஏறுமுகம்தான். ஓர் ஊர் முப்பது ஆண்டுகளில் இவ்வளவு மாற முடியும் என்பதற்கு ஒரகடம் சாட்சி. அதே முப்பது ஆண்டுகளை ஓர் ஊரிலிருந்து பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் காங்கேசன்துறை சாட்சி.

படகில் இறங்கும் பயணிகள்

வந்த கப்பலின் பெயர் 'எம்பிரஸ்', கோர்டிலியா நிறுவனத்துடையது. பிரான்சின் செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரோடு அது ஓடத் தொடங்கியது 1990இல். காங்கேசன்துறை காலியான அதே ஆண்டு. இந்த ஊரில் ஆள் அரவம் இல்லாதிருந்த காலத்தில், அந்தக் கப்பல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. பெயரும் முதலாளியும் பலமுறை மாறி, 30 வயதுக்கு மேல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. 2022இல் ஒப்பந்தம் போட்டு, 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னையில் கொடியசைத்து அனுப்பினார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று நிறுத்தங்கள். முதல் வருகையன்று காங்கேசன்துறையில் கடற்படையினர் கட்டிக்கொடுத்த பயணிகள் முனையத்தை இலங்கை அமைச்சர் நிமல் சிறிபால டி சில்வா திறந்துவைத்தார்.

இறங்கும் விதம்தான் பார்க்க வேண்டியது. 211 மீட்டர் நீளமுள்ள கப்பலுக்கு இந்தத் துறையில் ஆழமும் போதாது, திரும்ப இடமும் போதாது. அது வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகள் படகில் இறங்கிக் கரைக்கு வர வேண்டும். பதினோரு தளம், நீச்சல் குளம், கேளிக்கை அரங்கம் எல்லாம் பின்னால் கடலில் நிற்க, முன்னால் முனையமும், சுங்கமும், வரிசையாகச் சுற்றுலாப் பஸ்களும். 1893இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பஸ் ஏறினால் முதலில் கீரிமலை: கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நன்னீர் ஊறும் கேணி, பக்கத்தில் நகுலேஸ்வரம். பிறகு நல்லூர்: அரைக்கால் சட்டையோடு வந்த ஆண்கள் இங்கே மேல்சட்டையையும் கழற்றிவிட்டுத்தான் கந்தசாமியைப் பார்க்க முடியும். அடுத்து 1981இல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த பொது நூலகம், ஒல்லாந்தர் கோட்டை. பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். கப்பல் காத்திருக்காது.

சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே என்பதால் ஊருக்குக் கிடைப்பது பஸ் வாடகை, வழிகாட்டியின் கூலி, பனங்கட்டியும் பனையோலைப் பெட்டியும் விற்ற காசு. சொகுசுக் கப்பல் வந்து போகும் சின்னத் துறைகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். அலாஸ்காவின் ஜூனோ ஊரில் சுமார் 32,000 பேர். 2023இல் அங்கே வந்திறங்கிய கப்பல் பயணிகள் 16 லட்சத்துக்கும் மேல். தாங்க முடியாமல், ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று 2024 முதல் வரம்பு வைத்தார்கள். காங்கேசன்துறைக்கு அந்தக் கவலை இல்லை. ஜூனோவின் சிக்கல் வந்தவர்கள் அதிகம் என்பது. இங்கே இருக்க வேண்டியவர்களே இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

அதே துறையில் மற்றவர்கள்

சொகுசுக் கப்பல் வந்த திருகோணமலை–காங்கேசன்துறை வழியில் இதற்கு முன்னும் பயணிகள் கப்பல் ஓடியது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாட்டுச் சனங்கள் வெளியே போக வேறு தரைவழி இல்லை. 'கிறீன் ஓஷன்' போன்ற கப்பல்கள்தான் கதி. அதற்கும் படையினரின் அனுமதி வேண்டும். பெயர் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். மூட்டை முடிச்சு எல்லாம் பிரித்துச் சோதிக்கப்படும். மருத்துவத்துக்குப் போனவர்கள், படிப்புக்குப் போனவர்கள், இனித் திரும்புவதில்லை என்று போனவர்கள் எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பயணிகள் யாரும் கப்பலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இப்போது மூன்று வகைப் பயணிகள் இந்தத் துறைக்கு வருகிறார்கள். சொகுசுக் கப்பல்காரர்கள் ஒரு வகை. இரண்டாவது வகை நாகப்பட்டினத்திலிருந்து வரும் படகுக்காரர்கள். 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் மோடி காணொளி மூலம் தொடங்கிவைத்த 'செரியபாணி' ஒரு வாரத்திலேயே மழைக்காலத்தைச் சொல்லி நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' ஓடுகிறது: 150 பேர், நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் இதுவும் ஓய்வெடுக்கும். உறவு பார்க்க, கோயிலுக்குப் போக, வைத்தியம் பார்க்க, சின்ன வியாபாரம் செய்ய என்று வந்து போகிறவர்களுக்கு இதுதான் கப்பல்.

மூன்றாவது வகை, கைதாகி வரும் தமிழ்நாட்டு மீனவர்கள். எல்லை தாண்டிப் பிடித்ததாக இலங்கைக் கடற்படை கைது செய்தால் கொண்டுவரும் இடங்களில் ஒன்று இதே காங்கேசன்துறை. பிறகு மயிலிட்டிக் கடற்றொழில் பரிசோதகரிடம் ஒப்படைப்பார்கள். நாகப்பட்டினத்தில் ஒரே தெருவில் ஒருவர் டிக்கெட் எடுத்து வருகிறார், இன்னொருவர் விலங்கோடு வருகிறார். இதில் வடக்குக் கடற்றொழிலாளரின் ஆத்திரத்தையும் சொல்ல வேண்டும். போர் முடிந்து, பல ஆண்டு கழித்துக் கடலில் இறங்கியவர்களின் வலையை நம் பக்கத்து இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போயின. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடுத்தது. அதே ஆண்டு ஜூலை 3 அன்றுதான் மயிலிட்டித் துறை 27 ஆண்டுக்குப் பின் சொந்தச் சனத்திடம் வந்தது. துறை கைக்கு வந்த நேரத்தில் கடலில் போட்டிக்கு ஆள் நின்றது என்றால் யாருக்கும் எரிச்சல் வரும்.

காணிதான் கதை

ரயில் திரும்பிவிட்டது. இந்தியக் கடனில் இர்கான் நிறுவனம் போட்ட பாதையில் 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ரயில் வந்தது. விமானம் திரும்பிவிட்டது, 2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் ஆனது. துறையில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை இந்தியா அகற்றிக் கொடுத்தது. துறைமுகத்தைச் சீரமைக்க 2018இல் 4.5 கோடி டாலர் கடன் பேசி, 2024இல் 6.15 கோடி டாலர் நன்கொடையாகவே தருவதாகச் சொன்னது. அலைதடுப்புச் சுவரைப் பழுது பார்த்து, ஆழம் தோண்டி முடித்தால் கப்பல் உள்ளேயே வந்து கட்டலாம்.

காணி மட்டும் தவணை முறையில் திரும்புகிறது. துண்டு துண்டாக விடுவிக்கிறார்கள். காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் உல்லாச விடுதியில் யாரும் அறை எடுத்துத் தங்கலாம். அதற்குச் சற்றுத் தள்ளி, தன் சொந்த வளவு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உள்ளே போக முடியாது. தையிட்டியில் தனியார் காணியில் கட்டிய விகாரையை எதிர்த்து, போயா (பௌர்ணமி) தினம் தோறும் காணிக்காரர்கள் வீதியில் உட்காருகிறார்கள். வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரலில், 35 ஆண்டுக்குப் பின் திறந்தது. அதுவும் காலை முதல் மாலை வரை மட்டும் என்ற நிபந்தனையோடு. சொந்த ஊர் வீதியை இருட்டுமுன் கடந்து முடிக்க வேண்டும் என்றால், அரை நாள் வந்து போகும் சுற்றுலாப் பயணிக்கும் ஊர்க்காரருக்கும் என்ன வேறுபாடு?

இதோடு இன்னொரு பேச்சும் எழுந்திருக்கிறது. பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய மூன்று இடங்களிலும் முதலீட்டு வலயம் அமைக்கப் போவதாக இலங்கை அரசு சொல்கிறது. பொன்னம்பலம் காலத்துப் பட்டியலில் இருந்த இரண்டு ஊர்கள் 75 ஆண்டு கழித்து மறுபடி பட்டியலில் ஏறியிருக்கின்றன. இங்கேதான் ஒரகடம் பக்கத்துக்காரர்கள் வாய் திறக்க வேண்டும். தொழில் வளாகம் எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். முதலில் வருவது சர்வேயர். பட்டா யார் பெயரில், புறம்போக்கு எவ்வளவு, ஏரி வாய்க்கால் எங்கே என்று பார்த்து, நிலத்தைக் கையகப்படுத்தி, சிப்காட் மனை பிரித்து, பிறகுதான் கம்பெனிப் பலகை. பணம் வாங்கி வீடு கட்டியவரும் உண்டு. பணம் கரைந்து, தன் பழைய நிலத்தின் வாசலிலேயே காவலுக்கு நின்றவரும் உண்டு. ஆனால் நம் விவசாயியிடம் ஒரு பட்டா இருந்தது, விலை பேச ஓர் இடம் இருந்தது, விலை போதாது என்று வழக்குப் போட நீதிமன்றம் இருந்தது. வலிகாமம் வடக்கில் உறுதிப் பத்திரம் கையில் இருந்தும் காணியின் எல்லைக் கல்லைப் போய்த் தொட்டுப் பார்க்க முடியாமல் ஒரு தலைமுறை போய்விட்டது. காணிக் கணக்கைத் தீர்க்காமல் அங்கே வலயம் வந்தால், உயர் பாதுகாப்பு வலயத்தின் பெயர்ப்பலகையை மாற்றிய மாதிரிதான் இருக்கும்.

சொகுசுக் கப்பல் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. பத்து ரூபாய் வருமானமும் வருமானமே. நம் பக்கத்து ஆட்கள் யாழ்ப்பாணத்தைச் செய்தியில் மட்டும் பார்க்காமல் கண்ணால் பார்ப்பதும் நல்லதே. ஆனால் காங்கேசன்துறை திரும்பிவிட்டதா என்பதைக் கப்பலின் உயரத்தை வைத்து அளக்க முடியாது. அளப்பதற்கு வேறு கேள்விகள் உண்டு. அந்தத் துறையில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கிறதா? நாகப்பட்டினப் படகு மழைக்காலத்திலும் ஓடும் அளவுக்கு வளர்கிறதா? தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாமில் பிறந்த ஒருவர் பாட்டனின் வளவைப் பார்க்க அதில் டிக்கெட் எடுத்துப் போய், அந்த வளவுக்குள் நுழைய முடிகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் வரும் நாளில், காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது என்பது ஒரு செய்தியாகவே இருக்காது. 1950இல் அது செய்தியாக இருக்கவில்லை.